ஊசலா, இழுபறியா? பென்சில்வேனியாவின் வாக்குகள்

வாசகர் கேள்வி, 9 நவம்பர் 2024

பென்சில்வேனியா 2012இல் ஒபாமாவையும், 2016இல் டிரம்பையும், 2020இல் பைடனையும், இப்போது மறுபடி டிரம்பையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஊசலாடும் மாநிலம் என்றால் அங்குள்ள மக்கள் ஊசலாடுகிறார்கள் என்றுதானே பொருள்? நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மனத்தை மாற்றிக்கொள்கிறவர்கள் கையில் ஒரு நாட்டின் தலையெழுத்து இருக்கலாமா? அங்கே வாழ்கிறவர்கள் யாராவது விளக்குங்கள்.

10 நவம்பர் 2024

நான் இந்த மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், நார்த்தாம்ப்டன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) வாழ்கிறேன். 2018 முதல் தேர்தல் நாள்களில் எங்கள் வாக்குச்சாவடியில் பணியாற்றி வருகிறேன். வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடிக் கையொப்பம் வாங்குவது என் வேலை. எங்கள் கவுண்டி 1920க்குப் பிறகு நடந்த அதிபர் தேர்தல்களில் 1968, 2000, 2004 ஆகிய மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வென்றவர் பக்கமே நின்றிருக்கிறது. அதனால் ஒவ்வொரு நான்காம் ஆண்டும் செய்தியாளர்கள் ஒலிவாங்கியோடு வந்து இறங்கி, ஏதாவது ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரிடம் மனம் மாறிவிட்டதா என்று கேட்பார்கள். உங்கள் கேள்வியும் அந்தக் காட்சிகளிலிருந்து பிறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

நான் அறிந்தவரையில் மனம் மாறுகிறவர்கள் மிகக் குறைவு. காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை என் மேசையைக் கடந்து செல்கிறவர்களில் பெரும்பாலோர் யாருக்கு வாக்களிப்பது என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்தவர்கள். மாறுவது அவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது மட்டுமே. இந்த முறையும் ஜனநாயகக் கட்சியினர் பெருந்தொகையாக வீட்டிலேயே தங்கிவிட்டார்கள், அதனால் அக்கட்சியின் வேட்பாளர் கமலா ஹாரிஸ் தோற்றார் என்பதே என் முடிவு.

11 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஊசல் என்றால் ஒரே குண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறது. தமிழ்ச் செய்தித்தாள்கள் சில ‘இழுபறி மாநிலம்’ என்று எழுதுகின்றன. அதுவே பொருத்தமான சொல். வடத்தின் இரு முனைகளிலும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முழு பலத்தோடு இழுக்கிறார்கள், நடுவில் கட்டிய துணி ஒரு சாண் நகர்கிறது. துணி நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, இழுத்தவர்கள் அணி மாறிவிட்டார்கள் என்று முடிவுகட்டக் கூடாது.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் டிரம்ப் இங்கே 44,292 வாக்குகளில் வென்றார். அது ஒரு சதவீதம்கூட இல்லை. அதே இரவில் விஸ்கான்சினில் 22,748, மிச்சிகனில் 10,704. மூன்றையும் கூட்டினால் 77,744 வாக்குகள், அந்தத் தேர்தலின் முடிவே அவ்வளவுதான். 2020இல் பைடன் இங்கே 80,555 வாக்குகளில் வென்றார். அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்படும் வாக்குகளை எலக்டோரல் வாக்குகள் என்பார்கள். அப்போது இந்த மாநிலத்துக்கு அவை 20, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் இப்போது 19. ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் அத்தனையும் போய்விடும் என்பதால்தான் அந்த ஒரு சாண் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

14 நவம்பர் 2024

‘எல்லாம் பிலடெல்பியா நகரத்தின் வேலை, 2020இல் அந்த நகரம்தான் பைடனைக் கரை சேர்த்தது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை இங்கே பலரும் நம்புகிறார்கள், கணக்கோ நேர்மாறாக இருக்கிறது. பிலடெல்பியாவில் 2016இல் ஹிலாரி கிளிண்டனுக்குக் கிடைத்த முன்னிலை சுமார் 4,75,000. நான்காண்டுகள் கழித்து அதே நகரத்தில் பைடனுக்குக் கிடைத்தது சுமார் 4,71,000. பெருநகரம் பைடனுக்குச் சற்றுக் குறைவாகவே கொடுத்தது, இருந்தும் அவர் மாநிலத்தை வென்றார்.

அவரைக் கரை சேர்த்தது நகரத்தைச் சுற்றியுள்ள மான்ட்கோமரி, செஸ்டர், டெலவேர், பக்ஸ் ஆகிய நான்கு புறநகர்க் கவுண்டிகள். அங்கே ஜனநாயகக் கட்சியின் முன்னிலை நான்காண்டுகளில் சுமார் ஒரு லட்சம் உயர்ந்தது. பிட்ஸ்பர்க் இருக்கும் அலிகேனி கவுண்டியில் மேலும் சில பத்தாயிரங்கள் சேர்ந்தன. 2016க்கும் 2020க்கும் இடையில் மாநிலம் மொத்தமாக நகர்ந்த தொலைவு சுமார் 1,25,000 வாக்குகள். இந்த ஐந்து கவுண்டிகளே அதைத் தாண்டிவிட்டன. இவற்றில் செஸ்டர் கவுண்டி 2012இல், ஒபாமா மாநிலத்தை வென்ற அதே ஆண்டில், மயிரிழையில் அவரை எதிர்த்த குடியரசுக் கட்சியின் மிட் ராம்னிக்கு வாக்களித்த இடம். கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த, வசதியான, ஒரு காலத்தில் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த ஊர்கள் அவை.

22 நவம்பர் 2024

நேற்று ஜனநாயகக் கட்சியின் செனட்டர் பாப் கேசி தோல்வியை ஒப்புக்கொண்டார். 2018இல் 13 சதவீத வித்தியாசத்தில் வென்றவர், இப்போது குடியரசுக் கட்சியின் டேவ் மெக்கார்மிக்கிடம் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் மாற்றிப் போட்டிருந்தால் தலைகீழாகியிருக்கக்கூடிய அளவில் தோற்றிருக்கிறார். வித்தியாசம் சுமார் 15,000. சட்டப்படி மறு எண்ணிக்கை தொடங்கி நடந்துகொண்டிருந்த வேளையில் இது நடந்தது.

ஒரே நாளில், ஒரே வாக்குச்சீட்டில், டிரம்புக்குக் கிடைத்த வாக்குகளைவிட மெக்கார்மிக்குக்கு ஏறத்தாழ 1,44,000 குறைவு. கேசிக்கும் ஹாரிஸுக்கும் இடையிலான குறைவு சுமார் 39,000 மட்டுமே. அதிபர் பெயரை மட்டும் தொட்டுவிட்டு மற்றதைக் காலியாக விட்டுச் செல்கிறவர்களை நான் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன். இயந்திரத்தின் முன் அரை நிமிடம்கூட நிற்காமல் வெளியே வருவார்கள், அதுவும் பெரும்பாலும் முதல்முறை வருகிறவர்கள். அவர்கள் ஊசலாடுகிறவர்கள் அல்லர், ஒரு மனிதருக்காக மட்டும் வந்தவர்கள்.

15 டிசம்பர் 2024

எண்ணிக்கை முடிந்து முடிவு சான்றளிக்கப்பட்டுவிட்டது. நவம்பர் 10 அன்று நான் எழுதிய கடைசி வரி தவறு. எண்ணி முடிக்காத கணக்கை வைத்துக்கொண்டு ஜனநாயகக் கட்சியினர் பெருந்தொகையாக வீட்டில் தங்கிவிட்டார்கள் என்று எழுதினேன். அன்று எழுதியவர்கள் பலரும் அதையே சொன்னார்கள் என்பது எனக்குச் சாக்காகாது.

பைடனுக்கு 2020இல் கிடைத்தவை 34,58,000 வாக்குகள், ஹாரிஸுக்கு இப்போது 34,23,000. குறைந்தது வெறும் 35,000. டிரம்போ 33,78,000இலிருந்து 35,43,000க்கு, அதாவது 1,65,000 வாக்குகளுக்கு மேல் உயர்ந்திருக்கிறார். வித்தியாசம் 1,20,000 வாக்குகள். ஹாரிஸ் பைடனின் வாக்குகள் அத்தனையையும் காத்துக்கொண்டிருந்தாலும் தோற்றிருப்பார். நான் சொன்ன காரணம் மட்டும் இந்த முடிவைத் தந்திருக்கவே முடியாது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது, அது என்னை நெடுநேரம் உட்கார வைத்துவிட்டது. 2016இல் டிரம்ப் வென்றபோது அவருக்குக் கிடைத்தவை 29,71,000 வாக்குகள். 2020இல் தோற்றபோது அதைவிட நான்கு லட்சத்துக்கும் அதிகம். வென்ற ஆண்டைக் காட்டிலும் தோற்ற ஆண்டில் அவருக்கு ஆதரவு கூடுதல்! பைடனுக்கோ கிளிண்டனைவிட ஐந்து லட்சத்துக்கும் மேல். கேள்வி கேட்ட நண்பர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மாநிலம் ‘டிரம்பைக் கைவிட்டது’ என்று நாம் படித்த அந்த ஆண்டில் உண்மையில் நடந்தது, இரு பக்கமும் புதிய ஆட்கள் வந்து வடத்தைப் பிடித்ததுதான்.

16 டிசம்பர் 2024

‘அப்படியானால் லூசர்ன் கவுண்டியை எப்படி விளக்குவீர்கள்?’ என்ற கேள்வி நியாயமானது. வில்க்ஸ்-பாரியும் ஹேசல்டனும் இருக்கும் பழைய நிலக்கரிப் பகுதி அது. 2012இல் ஒபாமா அங்கே ஐந்து சதவீத அளவில் வென்றார்; 2016இல் டிரம்ப் சுமார் 26,000 வாக்குகளில் வென்றார், அதாவது மாநிலம் முழுவதற்குமான வித்தியாசத்தில் பாதிக்கும் மேல் அந்த ஒரு கவுண்டியிலிருந்தே வந்தது. அங்கே மனம் மாறியவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

ஆனாலும் ஒபாமாவைவிடக் கிளிண்டனுக்கு அங்கே குறைந்தவை சுமார் 12,000 வாக்குகள், ராம்னியைவிட டிரம்புக்குக் கூடியவை சுமார் 20,000. குறைந்தவர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் போயிருந்தாலும் எட்டாயிரம் பேர் வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். கவுண்டியின் எண் மாறியதை வைத்து அங்குள்ள தனிமனிதர்கள் மாறிவிட்டார்கள் என்று சொல்வது எப்போதும் ஆபத்தானது. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், புதிதாகப் பதினெட்டைத் தொட்டவர்கள், இருபது ஆண்டுகளாக வாக்களிக்காமல் இருந்து திடீரென்று வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்த எண்.

ஹேசல்டனையே பாருங்கள். 2000இல் அங்கே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் இருபதில் ஒருவர்கூட இல்லை, 2020இல் அவர்களே பெரும்பான்மை. 2006இல் சட்டவிரோதக் குடியேறிகளுக்கு வீடு கொடுப்பதையும் வேலை கொடுப்பதையும் தண்டிக்கும் விதியை அந்த நகரம் இயற்றியது, பின்னர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அப்படிப்பட்ட ஊர் இந்த 2024இல், அவ்வளவு மக்கள்தொகை மாற்றத்துக்குப் பிறகு, டிரம்ப் பக்கம் மேலும் சாய்ந்திருக்கிறது. மக்கள்தொகை மாறினால் வாக்கு இன்ன திசையில் போகும் என்று பல ஆண்டுகளாக உறுதியாகச் சொன்னவர்களுக்கு ஹேசல்டனும், அதைப் போன்ற நகரங்களான ரெடிங்கும் ஆலன்டவுனும் பெரிய பாடம். அவர்களில் நானும் ஒருவன்.

20 டிசம்பர் 2024

2016இல் கருத்துக்கணிப்புகள் ஏன் தவறின என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: மாநில அளவிலான கணிப்புகள் பல, பட்டதாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் உரிய எடையைச் சரிசெய்யத் தவறின. பட்டதாரிகள் தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள், அதனால் அவர்கள் அளவுக்கு மீறிக் கணக்கில் வந்துவிட்டார்கள். கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்கள் டிரம்ப் பக்கம் சாய்ந்ததும் ஒரு காரணம். ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தை எந்தக் கணிப்பாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, சொல்ல முடியும் என்று எதிர்பார்த்த நம் மீதும் பிழை உண்டு.

8 ஜனவரி 2025

அஞ்சல் வாக்குகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் நடைமுறை தெரியாமல் 2020ஐப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் எழுதுகிறேன். 2019 அக்டோபர் இறுதியில் இரு கட்சிகளின் ஆதரவோடும் நிறைவேறிய 77ஆம் சட்டம், காரணம் சொல்லாமலே யாரும் அஞ்சலில் வாக்களிக்கலாம் என்று அனுமதித்தது. ஒரே பொத்தானை அழுத்தி ஒரு கட்சியின் வேட்பாளர்கள் அனைவருக்கும் வாக்களிக்கும் வசதியையும் அதே சட்டம் நீக்கியது. சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது, 26 லட்சம் பேர் அஞ்சலில் வாக்களித்தார்கள். அவ்வாக்குகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பைடனுக்கு. தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் அந்த உறைகளைப் பிரிக்கவே கூடாது என்பது விதி. எனவே முதலில் எண்ணப்பட்டவை நேரில் போட்ட வாக்குகள், பிறகே உறைகள். டிரம்புக்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட முன்னிலை இருந்ததைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் அது கரைவதை நான்கு நாள்கள் பார்த்தார்கள். நவம்பர் 3 செவ்வாய்க்கிழமை நடந்த தேர்தலின் முடிவு சனிக்கிழமை, 7ஆம் தேதிதான் தெரிந்தது.

அந்த நான்கு நாள்களில் பலருக்கு அறுந்துபோன நம்பிக்கையை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அதன் பின் நடந்த ஒவ்வொரு தேர்தலிலும், அஞ்சலில் வந்த சீட்டையும் உறையையும் கையோடு கொண்டுவந்து, ‘இதை ரத்து செய்துவிட்டு என்னை இயந்திரத்தில் போட விடுங்கள்’ என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். இரண்டையும் கொண்டுவந்தால் படிவத்தில் கையொப்பம் வாங்கி ரத்து செய்துவிட்டு வாக்களிக்க விடுவோம். உறையை வீட்டில் மறந்தவர்களுக்குத் தற்காலிக வாக்குச்சீட்டுதான் தர முடியும், அது பிறகு சரிபார்க்கப்பட்டே எண்ணப்படும். ஒரு மூதாட்டி அதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் என் வாக்கு எண்ணப்படாது’ என்று சொல்லிக் கண் கலங்கினார். எண்ணப்படும் என்று மூன்று முறை சொன்னேன், அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் இதுவரை விட்டுவைத்திருந்தேன், ஆனால் வாக்களிக்கும் நடத்தை என்று பேசும்போது இதுவும் அதில் சேர்ந்தது.

19 ஜனவரி 2025

துளசேந்திரபுரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். திருவாரூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம், அங்கே வழிபாடு நடந்ததை நாங்களும் படித்தோம். எங்கள் பகுதித் தமிழர்களிடையே அது பெருமையை உண்டாக்கியது, ஆனால் அந்தப் பெருமை எத்தனை வாக்காக மாறியது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே தந்தை ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம்.

‘2020இல் இந்திய வம்சாவளியினர்தான் பென்சில்வேனியாவைத் தீர்மானித்தார்கள்’ என்று அப்போது நானே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். 80,555 வாக்குகள் வித்தியாசம் என்றால், அதைவிடப் பெரிதாக இருக்கும் எந்தக் குழுவும் அதே உரிமையைக் கொண்டாடலாம். ஆசிரியர்கள், செவிலியர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், புவேர்ட்டோ ரிக்கோவினர் எல்லோரும் சொல்லலாம், எல்லோரும் சொன்னார்கள். 2016இல் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் இங்கே சுமார் 49,900 வாக்குகள் பெற்றார், அது டிரம்பின் வித்தியாசத்தைவிட அதிகம் என்று அவரைத் திட்டியவர்கள் பலர். அதே சீட்டில் லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் சுமார் 1,47,000 பெற்றார் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

2 மார்ச் 2025

‘மனம் மாறுகிறவர்கள் மிகக் குறைவு’ என்ற என் முதல் குறிப்பை மறுபடி படித்தேன். 2022ஐ மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன். அந்த நவம்பரில் ஒரே சீட்டில் ஆளுநருக்கு ஜோஷ் ஷபிரோ ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசத்திலும், செனட்டுக்கு ஜான் ஃபெட்டர்மன் ஏறக்குறைய 5 சதவீத வித்தியாசத்திலும் வென்றார்கள். இருவரும் ஒரே கட்சி. இடையில் இருக்கும் பத்து சதவீதம், ஆளுநருக்கு ஒரு கட்சியையும் செனட்டுக்கு இன்னொரு கட்சியையும் தொட்டவர்களின் வேலை. அதுவே அவர்கள் இருக்கிறார்கள் என்பதற்குச் சான்று. அவர்கள் கட்சி மாறுவதில்லை, வேட்பாளரை எடைபோடுகிறார்கள். அதிபர் தேர்தலில் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவது, அங்கே இரு பக்கமும் குரல் அவ்வளவு உயர்ந்துவிடுவதால்தான் என்று நினைக்கிறேன். எனவே கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் சொன்னதில் பாதி சரி. நான் உங்களுக்கு அவசரப்பட்டு விடை சொல்லிவிட்டேன்.

1 ஜூன் 2025

கட்சிப் பதிவு பற்றி. இங்கே வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்றும் குறித்துக்கொள்ளலாம். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் அந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். ஊரில் ரகசிய வாக்கு என்பதையே வேதமாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒருவர் எந்தக் கட்சி என்று பட்டியலிலேயே அச்சாகியிருப்பதைப் பார்த்த முதல் நாள் திகைப்பாக இருந்தது. 2008இல் பதிவில் ஜனநாயகக் கட்சி பத்து லட்சத்துக்கும் அதிகமாக முந்தியிருந்தது, 2024 நவம்பரில் அது மூன்று லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கட்சி கரைகிறது என்று செய்திகள் வந்தன.

என்னோடு அதே மேசையில் பணியாற்றும் பெரியவர் ஒருவர் பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். 1995இல் உலைகள் அணைந்ததும், 2001இல் நிறுவனம் திவாலானதும், அந்த இடத்தில் சூதாட்ட விடுதி எழுந்ததும் அவர் கண் முன்னே நடந்தவை. ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர், தொழிற்சங்கம் அவரை அப்படிப் பதிய வைத்தது. 2000 முதலே அதிபருக்குக் குடியரசுக் கட்சிக்குத்தான் வாக்களித்து வருவதாக அவரே சொல்லியிருக்கிறார். கடந்த மாதம்தான் பதிவை மாற்றிக்கொண்டார். பட்டியலைப் பொறுத்தவரை அவர் 2025இல் மாறிய ஒருவர், நடந்ததோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு.

9 நவம்பர் 2025

ஐந்து நாள்களுக்கு முன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்ற வாக்கெடுப்பு நடந்தது. மூவரும் 2015இல் ஜனநாயகக் கட்சி சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சீட்டில் கட்சியின் பெயர் இருக்காது, ஆம் அல்லது இல்லை மட்டுமே. ஓராண்டுக்கு முன் டிரம்பைத் தேர்ந்தெடுத்த மாநிலம் மூவரையும் பெரிய வித்தியாசத்தில் வைத்துக்கொண்டது. அதிபர் தேர்தலுக்கு மட்டும் வருகிறவர்கள் வரவில்லை என்பது ஒரு பாதி விளக்கம். எங்கள் சாவடியிலும் வரிசை குறைவுதான்.

மறு பாதி எனக்கு இரவு 8 மணிக்குக் கதவைச் சாத்திய பிறகு கிடைத்தது. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர், தான் மூவருக்கும் ‘ஆம்’ போட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். ‘பத்து ஆண்டுகளாக வேலையைச் செய்திருக்கிறார்கள், துரத்துவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை’ என்றார். மே மாதம்தான் குடியரசுக் கட்சியில் பதிந்த மனிதர். ஜூன் குறிப்பில் அவரைப் பற்றி நான் எழுதியதை அடிக்கவில்லை, இதையும் அதன் கீழேயே வைத்துப் படியுங்கள்.